சிவப்புப் பொட்டு வைத்த தட்டு

ஜனவரி 8

இன்று மச்சானைக் கூட்டிக்கொண்டு எங்கள் டொக்டரின் சேர்ஜரிக்குப் போய்வந்தேன். மச்சான் என்றால் என் மனைவி நளாவின் தம்பி ஜெனகன். கைக்குழந்தையாக இருந்தபோது தாய் தகப்பன் அவனை மட்டும் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்குப் படகேறிவிட்டார்கள். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, போன ஆவணியில் லண்டன் வந்து, அகதியாகப் பதிந்துவிட்டு எங்கள் குறொய்டன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான். அவனுக்கு ஆங்கிலம் போதாது என்று நான்தான் மொழிபெயர்க்கப் போனேன்.

அந்தக் காத்திருக்கும் அறையை நினைத்தாலே குமட்டுகிறது. ஈரக் கோட்டுகளின் மணம், மூக்கொழுகும் பிள்ளைகள், ஊரெல்லாம் தொட்ட பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டவன் எடுக்கவில்லை.

நேர்ஸ் அபினா, கானாக்காரி, சிரித்த முகம். மச்சானின் இரத்தத்தில் ரீபி காட்டுகிறதாம். ரீபி என்றால் கசம், காசநோய். எங்கள் ஊரில் கசம் வந்த வீட்டு வேலியைக்கூட ஒருவரும் தொடமாட்டார்கள்.

அபினா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கிருமி நெஞ்சுக்குள் தூங்குகிறது, அவ்வளவுதான். நோய் இல்லை, ஒருவருக்கும் தொற்றாது. எழும்பிவிடாமல் இருக்க மூன்று மாதம் குளிசை விழுங்க வேண்டும். அந்தக் குளிசைக்கு மூத்திரம், வியர்வை, கண்ணீர்கூடச் செம்மஞ்சளாகப் போகும், பயப்படக் கூடாது. பழைய சீஸும் சூரை மீனும் தொடக் கூடாது. எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

பிறகு அபினா என் பக்கம் திரும்பி, நீங்களும் ஒருமுறை இரத்தம் கொடுங்களேன், நீங்களும் அந்தப் பக்கத்திலிருந்துதானே வந்தீர்கள் என்றாள். நான் இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷம். வரி கட்டுகிறேன், வீட்டுக்கடன் கட்டுகிறேன். கசக்காரனைப் போலவா இருக்கிறேன்? வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழும்பினேன். அவர்கள் கதிரைகளுக்கு அடிக்கிற மருந்தின் நெடியில் வெளியே வரும்வரை எனக்கு இருமல்.

நளாவுக்கு மார்ச் முடிய, பங்குனிக் கடைசியில், பிள்ளை பிறக்கத் திகதி. கலியாணம் கட்டிப் பதினொரு வருஷம், இரண்டு தரம் கலைந்து, இப்போதுதான் ஒன்று தங்கியிருக்கிறது. அந்தப் பிள்ளையை ஒரு கிருமியும் தீண்டாமல் நான் கையில் வாங்க வேண்டும். இந்த வருஷம் எனக்கு வேறு ஒன்றும் தேவையில்லை.

ஜனவரி 9

ஜெனகனுக்கு ஒரு தட்டு, ஒரு கப் ஒதுக்கிவிட்டேன். மாறிவிடக் கூடாது என்பதற்காக நளாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துத் தட்டின் விளிம்பில் ஒரு பொட்டு வைத்தேன். கழுவுகிற ஸ்பொஞ்சும் வேறு.

நளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னப்பா இது? தொற்றாது எண்டு நேர்ஸ் சொன்னதெண்டு நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள்?"

"அவ சம்பளத்துக்குச் சொல்லுவா. பிள்ளை எங்கடை."

"அவன் என்ரை தம்பி. நாயில்லை."

"நாயெண்டால் ஊசியாவது போட்டிருப்பம்."

ஜெனகன் பொட்டைப் பார்த்தான். விரலால் ஒருமுறை தடவினான். பிறகு அந்தத் தட்டிலேயே சோற்றைப் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விட்டான். சூடு சொரணை இல்லாத சென்மம்.

ஜனவரி 12

கக்கூஸ் கோப்பைக்குள் ஃபன்டா ஊற்றியது போல இருக்கிறது. இரண்டு தரம் தண்ணீர் அடித்துவிட்டு வா என்று கதவில் எழுதி ஒட்டினேன். குளோரீன் வாங்கினேன். வீடு முழுக்க நீச்சல் தடாக மணம்.

ஜனவரி 14

பொங்கல். சமையலறை அடுப்பில்தான். பால் பொங்குகிற நேரம் ஜெனகன் அரிசி போட வந்தான். முகாமில் எல்லோரும் ஒவ்வொரு பிடி போடுவார்களாம். "நீ அங்கால நில்லு, கை கழுவினனியோ? டெற்றோல் போட்டனியோ?" என்றேன். நின்றுகொண்டான். நளா அவனுடைய பங்கையும் சேர்த்து இரண்டு பிடி போட்டாள். என்னைப் பார்க்காமல் போட்டாள்.

பொங்கல் நன்றாக வந்திருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. இப்போதெல்லாம் எதைக் கண்டாலும் ஓங்காளம்.

ஜனவரி 15

துணி தோய்த்தேன். அவனுடையதைத் தனியாக, கொதிநீரில். தலையணை உறையில் செம்மஞ்சள் கறை, கன்னம் படுகிற இடத்தில். வியர்வையோ எச்சிலோ, எதுவாகவும் இருக்கட்டும், சீ! நுனிவிரலால் பிடித்து மெஷினுக்குள் எறிந்தேன். கறை போகவில்லை.

ஜனவரி 27

நான் வேலை செய்கிற பெற்றோல் ஷெட்டில் மேலதிகாரி பட்டேல், வாடிக்கையாளர் முன்னால் இருமாதே, போய் ஸ்டோரில் இருமிவிட்டு வா என்கிறான். பெற்றோல் நெடியிலும் கதவு திறந்து மூடுகிற குளிரிலும் நின்று பார்த்தால் தெரியும் அவனுக்கு. பிள்ளைக்காகச் சிகரெட்டை விட்டதிலிருந்து இந்த இருமல். விட்டால் முதலில் அப்படித்தான் இருக்கும், நெஞ்சு கழுவுப்படுகிறது என்று ஷெட்டுக்கு வருகிற ஒருவர் சொன்னார்.

பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டேன். பிள்ளை வருகிற வீட்டில் ஓடித்திரிந்தால் உடம்பு வற்றத்தானே செய்யும்.

பெப்ரவரி 3

ஹீற்றரை நளா கூட்டி வைக்கிறாள் போல. விடியும்போது என் பெனியன் பிழிகிற ஈரம். கேட்டால், தான் தொடவேயில்லையாம். கர்ப்பிணிகளோடு வாதாடக் கூடாது.

பெப்ரவரி 11

இன்று எனக்கு வந்த அருவருப்பை எழுதாமல் இருக்க முடியாது. காலையில் பல்லுத் தீட்டிவிட்டு முகம் துடைத்துத் திரும்பினால் முகம் கழுவுகிற பேசினில் சிவப்புக் கோடு. சளியோடு சேர்ந்து, நூல் போல, தண்ணீர்த் துவாரம்வரை. பின்னறைக் கதவைத் தட்டினேன்.

"உன்ரை குளிசைச் சிவப்பை ஏன்ரா பேசினிலை துப்பி வைக்கிறாய்? இந்த வீட்டிலை பிள்ளைத்தாச்சி இருக்கிறது தெரியாதே?"

அவன் வந்து பார்த்தான். குனிந்து கிட்டவாகப் பார்த்தான்.

"நான் இன்னிக்கு இன்னும் இந்தப் பக்கமே வரலை அத்தான்."

"அப்ப பேய் வந்து துப்பினதோ?"

அவன் குளோரீனைப் போட்டுத் தேய்த்துக் கழுவினான். கழுவி முடித்துவிட்டு, ஸ்பொஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே, "அத்தான், நீங்க ஒருக்கா டாக்டரப் பாருங்க. எங்க முகாம்ல பக்கத்து வீட்டுக்காரரு இப்படித்தான்..." என்று தொடங்கினான்.

"எனக்குப் புத்தி சொல்லுற அளவுக்கு வந்திட்டியோ? உன்ரை நெஞ்சைப் பார்."

போய்விட்டான். கசம் பிடித்தவன் எனக்கு வைத்தியம் சொல்கிறான்.

பெப்ரவரி 12

ஈறுதான். பிரஷ் மாற்ற வேண்டும்.

பெப்ரவரி 15

புது பிரஷ். ஈறு இன்னும் சரியில்லை. பேசினை நானே கழுவினேன். கழுவுகிறபோது ஜெனகன் கதவருகே நின்றது போல இருந்தது. திரும்பினேன், இல்லை.

பெப்ரவரி 23

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நளாவுக்கு மூன்று நாளாக மாசிச் சம்பல் ஆசை. கர்ப்பிணியின் வாய் கேட்கிறதைக் கொடுக்காமல் விடலாமா? சம்பல் விஷயத்தில் எனக்கு நிகர் இந்தத் தெருவில் இல்லை. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப் புளி. மாசியை உரலில் தூளாக இடித்து அள்ளிப் போட்டேன். பாண் ரொட்டியைச் சுட்டு வெண்ணெய் பூசி வைத்தேன். நளா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சரியென்று ஜெனகனின் பொட்டுத் தட்டிலும் தாராளமாக வைத்தேன். முகாமில் இதெல்லாம் கிடைக்காது அத்தான் என்று சொல்லி வழித்து வழித்துச் சாப்பிட்டான். அவன் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் முகம் செம்பரத்தம்பூவாகச் சிவந்துவிட்டது. கழுத்து, காது, நெஞ்சு எல்லாம். தலை வெடிக்கிறது என்றான். நெஞ்சில் கை வைத்தால் இயந்திரம் ஓடுவது போல அடிக்கிறது. வேர்த்துக் கொட்டுகிறது.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. தூங்கினது எழும்பிவிட்டது. கசம் வெடித்துவிட்டது. என் வீட்டில், என் மேசையில், என் மனைவி பக்கத்தில்.

"எழும்பு! உன்ரை சாமானெல்லாத்தையும் எடு. இனி இந்த வீட்டிலை நீ ஒரு நிமிசம் இருக்கக் கூடாது!"

நளா கதவுக்குக் குறுக்கே நின்றாள். "அவன் போனால் நானும் போவன். இந்த வயித்தோடை போவன். சேர்ஜரிக்குப் போன் அடியுங்கோ."

அடித்தேன். உடனே கொண்டுவரச் சொன்னார்கள். காரின் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, குளிரில் பல்லுக் கிட்ட ஓட்டினேன். அவன் பின்சீற்றில் தலையைப் பிடித்துக்கொண்டு, "மாத்திரை விஷம் அத்தான். இனிமே நான் சாப்பிட மாட்டேன்" என்று முனகிக்கொண்டு வந்தான். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் பார்த்தார், ஊசி போட்டார். அபினா எங்களை இருத்தி, என்ன சாப்பிட்டான் என்று கேட்டாள். பாண் என்றேன். வெண்ணெய் என்றேன். சம்பல் என்றேன். சம்பலில் என்ன? மிளகாய், வெங்காயம், கொஞ்சம் மாசி. மாசி என்றால்? அதைப் போய் எப்படி விளங்கப்படுத்துவது? கைத்தொலைபேசியில் படம் தேடிக் காட்டினேன். அவள் கீழே இருந்ததை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்தால் அதுதான் மாசி. அந்த மீன் இந்தக் குளிசையோடு சேர்ந்தால் இப்படித்தான் செய்யுமாம்.

எனக்குத் தெரியாததா? மாசி சூரையில்தான் செய்கிறார்கள் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் எங்கள் வீடுகளில் மாசியை யார் மீன் என்று நினைக்கிறார்கள்? அது மஞ்சள், பெருஞ்சீரகத்தோடு அலுமாரியில் போத்தலில் இருக்கிற சரக்கு. மரக்கறிக்குக்கூட ஒரு கிள்ளுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இது நோயில்லை, சாப்பாட்டுப் பிழை. பின்னேரத்துக்குள் சரியாகிவிடும், குளிசையை விடவே கூடாது என்று அபினா அவனிடம் சொன்னாள். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். இருமல் வந்துவிட்டது. நிற்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

எவ்வளவு காலமாக என்று கேட்டாள்.

இரண்டு மூன்று நாள், சளித் தடிமன் என்றேன்.

முகம் இன்னும் சிவந்துபோய் இருந்த ஜெனகன் நிமிர்ந்தான். என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கூட்டிப் பொறுக்கினான்.

"நோ சிஸ்டர். திரீ மந்த். எவ்ரி டே. நைட் ஷேர்ட் வெட். பெல்ட் ஸ்மால், ஸ்மால். பேசின் பிளட். ஹிஸ் பிளட். நாட் மை."

பிறகு என்னிடம் தமிழில் சொன்னான். "மன்னிச்சுக்கங்க அத்தான். சுவத்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேக்குது. பாப்பா வரப் போகுதில்ல."

அபினா எழும்பிப் பெட்டியிலிருந்து ஒரு முகக்கவசம் எடுத்தாள். அவனுக்குக் கொடுக்கப் போகிறாள் என்று நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவள் என்னிடம் நீட்டினாள்.

பெப்ரவரி 25

விடியற்காலையில் எழும்பி, ஒன்றும் குடிக்காமல், அடியிலிருந்து காறி ஒரு சின்னப் போத்தலுக்குள் துப்ப வேண்டும். மூன்று நாள், மூன்று போத்தல். எச்சில் போதாது, சளி வேண்டுமாம். பச்சையும் மஞ்சளுமாக, நடுவே அந்தச் சிவப்பு நூலோடு, கையில் இளஞ்சூடாக இருக்கிறது. மூடியை இறுக்கி என் பெயரை எழுதினேன். யோகநாதன். இதைவிட அசிங்கமான ஒன்றில் நான் என் பெயரை எழுதியதில்லை.

எக்ஸ்றேயும் எடுத்தார்கள். படம் பிடித்த பெடியன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முடிவு வரும்வரை நளா சிநேகிதி வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பையை ஜெனகன்தான் காருக்குத் தூக்கினான். நான் மாடி யன்னலில் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துக் கையைக் காட்டினாள். நானும் காட்டினேன்.

மார்ச் 3

எனக்குத்தான். தூங்குகிற கிருமி இல்லை, எழும்பின கிருமி. இருமினால் காற்றில் பரவுகிறது. தட்டில் ஒட்டாது, கப்பில் ஒட்டாது, பேசினில் ஒட்டாது. மூச்சில்தான்.

ஆஸ்பத்திரி நேர்ஸ் தொலைபேசியில் விளக்கினாள். பழைய கிருமியாக இருக்கும், வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் கிடந்திருக்கும் என்றாள். வந்த புதிதில் ஈஸ்ற்ஹாமில் ஒரு கடைக்கு மேலே ஒரே அறையில் பத்துப் பேர் படுத்தோம். ஒருவர் எந்நேரமும் இருமுவார், பெயர்கூட ஞாபகமில்லை. அந்த நாளில் எங்களைக் கூப்பிட்டு ஒருவரும் இரத்தம் எடுக்கவில்லை. ஜனவரியில் ஒருத்தி கேட்டாள்.

ஆறு மாதம் குளிசை. முதல் இரண்டு கிழமை அறையை விட்டு வெளியே வரக் கூடாது. நளாவைப் பரிசோதித்தார்கள், சுத்தம். ஜெனகனுக்கும் படம் எடுத்தார்கள், சுத்தம். சுகமாக இருக்கிற இரண்டு பேரோடு ஒரு நோயாளி இந்த வீட்டில் இருந்திருக்கிறான். அவன் ஸ்பொஞ்ச் பிரித்து வைத்திருக்கிறான்.

பங்குனிக் கடைசியில் திகதி. இவர்கள் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பிள்ளையை வாங்கி, நெற்றியில் முகர்ந்து கொஞ்சியிருப்பேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 5

ஃபன்டா. இரண்டு தரம் தண்ணீர் அடித்தேன். கதவில் ஒட்டின கடதாசி இன்னும் இருக்கிறது, என் கையெழுத்தில்.

மார்ச் 8

ஜெனகன் வீட்டை விட்டுப் போகவில்லை. சிநேகிதி வீட்டில் அவனுக்கும் இடம் இருக்கிறது என்று நளா கூப்பிட்டாளாம். "அத்தானுக்கு யாரு சமைப்பா?" என்றானாம். கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டத்தை வைத்துவிட்டு, கதவில் இரண்டு தரம் தட்டுவான். அவன் இறங்கின பிறகு நான் எடுக்க வேண்டும். அவன் சமையல் வாயில் வைக்க முடியாது. எல்லாவற்றிலும் சாம்பார்ப்பொடி. சாப்பிடுகிறேன்.

நேற்றுக் கதவடியில் கேட்டான், "மாத்திரை போட்டீங்களா அத்தான்? எனக்குத் தொண்டையில நிக்கும். வாழைப்பழத்தோட முழுங்குங்க." இன்று தட்டத்தில் வாழைப்பழம் இருந்தது.

மார்ச் 12

மகள். இரண்டு கிழமை முந்தி வந்துவிட்டாள். விடியப்புறம் நளாவுக்குப் பிரசவ நோ கண்டு, ஜெனகன்தான் ஓடினான். நான் இந்த அறைக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்தேன். மத்தியானம் தொலைபேசியில் முகம் காட்டினார்கள். சுருங்கின, சிவந்த, கோபமான முகம். என்னைப் போலத்தான்.

பின்னேரம் ஜெனகன் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றான். மூச்சு வாங்கினான், ஓடி வந்திருக்கிறான்.

"தூக்கினனியோ?" என்று கேட்டேன்.

"நர்ஸ் குடுத்தாங்க அத்தான். அக்காவும் தூக்குன்னு சொல்லிச்சு." கதவுக்குக் கிட்ட வந்து சொன்னான். "கை கழுவிட்டுத்தான் தூக்கினேன். ரெண்டு தடவை."

குத்திக் காட்டவில்லை. அவனுக்கு அது தெரியாது. எனக்கு உறுதி சொல்கிறான், பயப்படாதீர்கள் என்று. நான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். என்னை நினைக்க எனக்கே ஓங்காளித்தது.

மார்ச் 13

இன்று மத்தியானம் அவன் படியேறி வருகிற சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து சொன்னேன்.

"ஜெனகன், இனி எனக்கு அந்தத் தட்டிலை போடு. மற்றதுகளை நான் தொடமாட்டன்."

"எந்தத் தட்டு அத்தான்?"

"தெரியாதமாதிரிக் கேளாதை. சிவப்புப் பொட்டு வைச்ச தட்டு. உனக்கு வைச்சது."

"அதுலதான் போட்டிருக்கேன்."

எனக்குச் சுரீர் என்றது. நானே கேட்டதுதான், ஆனாலும் அவன் கேளாமலே செய்திருக்கிறான் என்றதும் பொறுக்க முடியவில்லை. பழி வாங்குகிறான், வாங்கட்டும் என்று முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். தட்டம் நிலத்தில் இருந்தது. சோறு, பருப்பு, அவித்த முட்டை. தட்டின் விளிம்பில் சிவப்புப் பொட்டு.

படிக்கட்டின் அடியில் ஜெனகன் தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். நான் சாப்பிடுகிற நேரம் அவனும் அங்கேதான் இருந்து சாப்பிடுகிறான் போல. இத்தனை நாளும் எனக்குத் தெரியாது. தட்டை எனக்குத் தெரிகிற மாதிரித் திருப்பிப் பிடித்தான். அதிலும் சிவப்புப் பொட்டு.

"எல்லாத்துக்கும் வச்சுட்டேன் அத்தான். கப்புக்கும். எது யாருதுன்னு இனிமே பாக்க வேணாம். அக்காவோட நெயில் பாலிஷ் பாட்டில் காலியாயிடுச்சு, வந்தா திட்டும்."

நான் குனிந்து தட்டத்தை எடுத்தேன்.

"பாப்பாவுக்குச் சின்னக் கிண்ணம் வாங்கி வச்சிருந்தீங்களே, அதுக்கும் வச்சேன்," என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து அவசரமாக, "அடியிலதான் வச்சேன். வாயில படாது" என்றான்.

கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இருந்து சாப்பிட்டேன். பருப்பில் சாம்பார்ப்பொடி. முழுவதையும் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கைலேஞ்சியால் கன்னத்தைத் துடைத்தபோதுதான் பார்த்தேன், வெள்ளை லேஞ்சியில் செம்மஞ்சள் கறை. வியர்வை இல்லை. எச்சிலும் இல்லை. பொங்கலுக்கு அடுத்த நாள் அவன் தலையணை உறையில் இருந்ததும் இதே நிறம்.